பழைய சீட்டு, புது டாக்டர்

கணித மேதை ராமானுஜன் எதனால் இறந்தார் என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் 'டி.பி.' என்று சொல்லிவிடுவார்கள். 1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னை சேத்துப்பட்டில் 32 வயதில் அவர் கண்மூடியபோது, அவருக்குச் சிகிச்சை அளித்து வந்தவர் ஒரு டி.பி. நிபுணர். புத்தகங்களிலும் அப்படியே ஏறிவிட்டது.

74 வருஷம் கழித்து, 1994-ல், லண்டன் ராயல் சொசைட்டியின் வரலாற்று இதழில் ஒரு கட்டுரை வந்தது. ராமானுஜனைத் தன் உறுப்பினராக்கி கௌரவித்த அதே சொசைட்டி. எழுதியவர் டி.ஏ.பி. யங். ராமானுஜனின் நோய் பற்றிக் கிடைத்த கடிதங்கள், குறிப்புகள் எல்லாவற்றையும் மறுபடி அடுக்கிப் பார்த்த அவருக்கு டி.பி. என்ற முடிவு உறுத்தியது. விட்டு விட்டு வரும் காய்ச்சல், வயிற்றில் வலி, நடுநடுவே தேறிவிடுவது... இது டி.பி. மாதிரி இல்லையே! இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் முன்பே ராமானுஜனுக்குச் சீதபேதி வந்திருக்கிறது. சீதபேதிக் கிருமியான அமீபா சிலருக்குக் குடலோடு நிற்காது. கல்லீரலில் போய்ப் பல வருஷம் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். ராமானுஜனைப் படுத்தியது அதுதான் என்பது யங்கின் கட்சி.

அந்தக் காலத்து இங்கிலாந்து டாக்டர்களும் ஒரே குரலில் பேசவில்லை. வயிற்றுப்புண் என்றார் ஒருவர். கல்லீரலில் புற்றுநோயோ என்று சந்தேகப்பட்டார் இன்னொருவர். கடைசியில் 'டி.பி.' என்று முடிவாகி, ஒரு சானடோரியத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாறி மாறிப் படுத்துக் கிடந்தார் ராமானுஜன். வயிற்றெரிச்சலான விஷயம் என்னவென்றால், அமீபாவுக்கு அப்போதே மருந்து இருந்தது. 1912-லேயே கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் என்ற டாக்டர் எமிடின் ஊசி போட்டுக் குணப்படுத்திக் காட்டியிருந்தார். முதல் உலகப் போரில் சீதபேதி வந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் பிழைத்தார்கள்.

யங் சொன்னதுதான் முடிந்த முடிவு என்று நான் சொல்ல வரவில்லை. நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் காகிதத்தை மட்டும் வைத்துச் சொன்ன கருத்து அது. ஆனால் சரியான சமயத்தில் யாராவது ஒருவர் 'இது டி.பி.தானா?' என்று இன்னொரு முறை கேட்டிருந்தால்..? அந்தக் கேள்விதான் இந்த வாரம் நமக்கு முக்கியம்.

மதுரையில் இருந்து திருமங்கலம் ரோட்டில் திருப்பரங்குன்றம், திருநகர் எல்லாம் தாண்டினால் தோப்பூர், ஆஸ்டின்பட்டி வரும். டி.பி. ஆஸ்பத்திரிக்குப் பேர்போன பகுதி. அந்த வழியில் திருநகர் இரண்டாவது ஸ்டாப்பில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவருடைய பிரச்னை நுரையீரல் இல்லை, மூட்டு. 14 வருஷமாக அவருக்குச் சொல்லப்பட்டிருக்கும் பெயர் 'சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ்'. அதாவது சொரியாசிஸ் என்னும் தோல் வியாதியோடு சேர்ந்து வரும் மூட்டுவாதம். வாராவாரம் வெள்ளிக்கிழமை ஒரு மாத்திரை, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை என்று வண்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊர் மாறிப் போக, புதிதாக ஒருவரிடம் போயிருக்கிறார். அவர் விரலை மடக்கிப் பார்த்து, நகத்தைத் திருப்பிப் பார்த்து, 'உங்களுக்கு இந்த வியாதிதானான்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு' என்று சொல்லிவிட்டார்.

"பதினாலு வருசம் சார்! பொண்ணு கல்யாணத்துக்குக்கூட மூணு பந்தி கையால பரிமாற முடியல. இம்புட்டையும் பொறுத்துக்கிட்டது இந்த வியாதினு நெனச்சுத்தான். இப்ப வந்து இது அது இல்லையோங்கிறாரு. அப்ப நான் முழுங்குனதெல்லாம் என்னத்துக்கு?" என்றார் வாத்தியார். கோபமா, பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

நியாயமான கேள்வி. பதிலுக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஏனென்றால், இந்த வியாதியின் சரித்திரமே பேர் மாற்றிக் கூப்பிட்ட சரித்திரம்தான்.

முதலில் தோலைப் பார்ப்போம். சொரியாசிஸ் என்றால் தோல் தடித்துச் சிவந்து, வெள்ளி மாதிரி செதில் செதிலாக உதிர்வது. நம் சித்த வைத்தியத்தில் 'காளாஞ்சகப்படை' என்பார்கள். கிரேக்க வைத்தியர்கள் செதில் உதிரும் தோல் வியாதிகளை 'லெப்ரா' என்றார்கள். பிற்காலத்தில் அதே வார்த்தை தொழுநோய்க்கும் ஒட்டிக்கொண்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. இடைக்கால ஐரோப்பாவில் தொழுநோயாளி ஊருக்குள் வந்தால் மணியோ, மரக் கட்டையோ தட்டிக்கொண்டு வர வேண்டும், மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அப்படி ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களில் எத்தனையோ பேருக்கு வந்திருந்தது தொழுநோயே இல்லை, வெறும் சொரியாசிஸ் என்று சரித்திர ஆசிரியர்கள் சந்தேகிக்கிறார்கள். யாருக்கும் தொற்றாத வியாதிக்காக ஆயுசு முழுக்க மணி அடித்தவர்கள்!

1808 வாக்கில் லண்டனில் ராபர்ட் வில்லன் என்ற டாக்டர் தோல் வியாதிகளை வகைவகையாகப் பிரித்து, படம் போட்டு எழுதினார். சொரியாசிஸை அற்புதமாக வர்ணித்தவர், அதன் ஒரு ரகத்துக்கு மட்டும் 'லெப்ரா' என்றே பெயர் வைத்துவிட்டார். குழப்பம் இன்னொரு தலைமுறைக்கு நீண்டது. 1841-ல் வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா என்ற 25 வயது டாக்டர்தான் 'அது வேறு, இது வேறு' என்று கோடு கிழித்தார். தொழுநோய்க் கிருமியை நார்வேயில் ஹான்சென் கண்டுபிடித்தது அதற்கும் பின்னால், 1873-ல். அதாவது கிருமியைக் காணும் முன்பே, கண்ணால் மட்டும் பார்த்துப் பிரித்திருக்கிறார் ஹெப்ரா. சொரியாசிஸ்காரர்கள் சார்பாக அவருக்கு ஒரு மாலை போடலாம்.

இனி மூட்டுக்கு வருவோம். அங்கே இன்னும் பெரிய கூட்டுக்குடும்பம். நம் ஊரில் முழங்கால் வலித்தாலும் வாதம், கை விழுந்தாலும் வாதம். சித்த நூல்களில் வாதம் 80 என்று ஒரு கணக்கு உண்டு. பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமாவது அதில் இருந்தது. ஐரோப்பாவில் வெகுகாலம் 'கௌட்', 'ரூமட்டிசம்' என்று இரண்டே மூட்டைதான். எல்லா மூட்டு வலியையும் ஏதாவது ஒன்றில் போட்டுக் கட்டிவிடுவார்கள்.

அந்த மூட்டையைப் பிரித்தவர்களில் முக்கியமானவர் லண்டன் டாக்டர் ஆல்ஃபிரட் கேரட். அவர் செய்த சோதனை ரொம்ப எளிமை. நோயாளியின் ரத்தத்தில் தெளிந்த நீரை எடுத்து, கொஞ்சம் அமிலம் விட்டு, ஒரு நூலைப் போட்டு வைத்துவிடுவார். கௌட் உள்ளவர் என்றால் நூலில் யூரிக் அமிலம் கற்கண்டு மாதிரி படியும். இல்லாவிட்டால் படியாது. ஒரு முழம் நூல் பல நூற்றாண்டுக் குழப்பத்தைத் தீர்த்தது! நூலில் படியாத, ஆனால் கைகால் மூட்டுகளை முடக்கிப் போடும் இன்னொரு வியாதிக்கு 1859-ல் கேரட் தனிப் பெயர் வைத்தார்: 'ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்'. நாம் முடக்குவாதம் என்கிறோமே, அது.

தோலும் மூட்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து கெடுவதைப் பிரான்ஸில்தான் முதலில் கவனித்தார்கள். 1818-ல் அலிபேர் என்ற டாக்டர் இந்தச் சேர்க்கையைக் குறித்து வைத்தார். 1860-ல் பஸான் அதற்கு ஒரு பெயரும் கொடுத்தார். 1888-ல் பூர்தியோன் என்ற மாணவர் தன் டாக்டர் பட்டத்துக்கே இதை எடுத்துக்கொண்டு விரிவாக எழுதினார். அத்தோடு தனி வியாதி என்று ஏற்றுக்கொண்டார்களா? அதுதான் இல்லை. 'நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குச் சொரியாசிஸ் வருகிறது. நூற்றில் ஒருவருக்கு முடக்குவாதம் வருகிறது. ஏதோ சிலருக்கு ரெண்டும் சேர்ந்து வந்துவிட்டது, அவ்வளவுதான்' என்று பெரிய பெரிய நிபுணர்கள் ஒதுக்கிவிட்டார்கள். ஒரே வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை, மருமகளுக்குத் தலைவலி என்றால் ரெண்டுக்கும் சம்பந்தம் கற்பிப்பீர்களா என்கிற மாதிரியான வாதம்.

இதை உடைத்தது செம்மறியாட்டு ரத்தம்!

1940-ல் நார்வேயில் எரிக் வாலர் என்ற டாக்டர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். முடக்குவாத நோயாளியின் ரத்த நீரை, செம்மறியாட்டின் சிவப்பணுக்களோடு ஒரு குறிப்பிட்ட முறையில் கலந்தால் அணுக்கள் கட்டி கட்டியாகத் திரண்டுகொண்டன. முடக்குவாதக்காரர்களின் ரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் கூடுதலாகச் சுற்றுகிறது. போர்க்காலம், யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1948-ல் அமெரிக்காவில் ஹாரி ரோஸ் என்பவர் குழு இதையே தனியாகக் கண்டுபிடித்தது. இன்றைக்கு லேபில் 'ஆர்.ஏ. ஃபேக்டர்' என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அதன் பூர்விகம் இந்தச் செம்மறியாடுதான்.

அந்தச் சோதனை வந்ததும், சொரியாசிஸும் மூட்டுவலியும் சேர்ந்தவர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பொருள் இல்லை! அப்படியென்றால் இது முடக்குவாதம் இல்லை, வேறு ஆசாமி. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து வெர்னா ரைட் என்ற டாக்டர் 1950-களில் இருந்து இதையே பிடிவாதமாகச் சொல்லி வந்தார். முடக்குவாதம் விரல்களின் நடுக் கணுவையும் அடிக் கணுவையும் பிடிக்கும், நுனிக் கணுவை அநேகமாக விட்டுவிடும். இது நுனிக் கணுவையும் பிடிக்கும். அது இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வரும், இது பல பேருக்கு ஏறுக்குமாறாக வரும். சில சமயம் ஒரு விரல் முழுக்க வெண்டைக்காய் பருமனுக்கு வீங்கும். நகத்தில் ஊசியால் குத்தினாற்போலக் குழிகள் விழும். குதிகாலில் நரம்பு எலும்போடு சேரும் இடம் வலிக்கும். 1964-ல் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் சங்கம் இதைத் தனி வியாதியாகப் பட்டியலில் சேர்த்தது. 1973-ல் ரைட்டும் அவருடைய சகா ஜான் மாலும் இது ஐந்து வேஷத்தில் வரும் என்று எழுதினார்கள்.

அலிபேர் கவனித்ததில் இருந்து பட்டியலில் ஏறும் வரை கணக்குப் போட்டால் 146 வருஷம். அத்தனை காலமும் அந்த நோயாளிகளில் பலர் வேறொரு பெயரில்தான் வாழ்ந்து முடித்திருக்கிறார்கள்.

மேலே சொன்ன 1948-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மூட்டு வியாதியின் சரித்திரத்தில் அப்படி ஒரு வருஷம் வந்ததில்லை.

அதே வருஷம் செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசு. வருஷக்கணக்கில் கொடுத்தால் எலும்பைக் கரைக்கும், சர்க்கரையை ஏற்றும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்த பாடம்.

அதே 1948 ஆகஸ்டில் நியூயார்க் பக்கம் ஒரு இந்தியர் தூக்கத்திலேயே இறந்துபோனார். எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி பக்தியில் கதர் கோட்டுப் போட்டு ஆபரேஷன் வகுப்புக்குப் போனதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதைவிடச் சின்னப் பட்டத்தோடு வெளியே வந்தவர். அமெரிக்காவில் லெடர்லி கம்பெனியில் அவருடைய குழு உருவாக்கிய ஒரு மருந்து, ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குப் பலன் தருவதாக அந்த வருஷம்தான் செய்தி வந்திருந்தது. 1951-ல் கப்னர் என்ற டாக்டர் அந்த மருந்தை மூட்டுவாதக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, மூட்டும் தேறியது, சொரியாசிஸ் இருந்தவர்களுக்குத் தோலும் சுத்தமானது. அந்த மருந்தின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். திருநகர் வாத்தியாரின் வெள்ளிக்கிழமை மாத்திரை! தன் கல்லூரி முழுப் பட்டம் தராத ஒருவரின் வேலையால்தான் இன்றைக்கு உலகம் முழுக்க லட்சக்கணக்கான விரல்கள் மடங்கி நிமிர்கின்றன.

அதே 1948-ல்தான் இந்திய ராணுவத்தில் இருந்த 30 வயது டாக்டர் ஒருவர், முடக்குவாதம் தாக்கி வேலையில் இருந்து அனுப்பப்பட்டார். மாதக்கணக்கில் சென்னையில் ஆஸ்பத்திரிப் படுக்கை. பிரசவ மருத்துவராக வேண்டும் என்ற ஆசை போயிற்று. விரல்கள் நிரந்தரமாகக் கோணிக்கொண்டன. பேனா பிடிக்கவே புதிதாகப் பழக வேண்டியிருந்தது. அவர்தான் மதுரைக்காரர்கள் 'டாக்டர் வி' என்று கும்பிட்ட கோ.வெங்கடசாமி. கண் மருத்துவத்துக்கு மாறி, தன் கோணல் விரல்களுக்குத் தோதாகக் கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தார். 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். 2006-ல் காலமானார். ஹென்ச்சின் ஊசியும் ரோஸின் சோதனையும் தொட்டிலில் இருந்த வருஷத்தில் படுத்தவர் அவர். மருந்து சரியான காலத்தில் கிடைக்காவிட்டால் மூட்டு என்ன ஆகும் என்பதை அந்த விரல்களைப் பார்த்த ஒவ்வொரு மதுரைக்காரரும் அறிவார்.

சரி, சரித்திரம் போதும். 14 வருஷப் பெயரை ஒரு டாக்டர் இப்போது ஏன் சந்தேகப்பட வேண்டும்? காரணம் இருக்கிறது. இந்த வியாதிக்கு 'ஆம், இல்லை' என்று பளிச்சென்று சொல்லும் ஒற்றை ரத்தப் பரிசோதனை இன்றுவரை கிடையாது. 2006-ல் உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரு மார்க் பட்டியல் வந்தது. தோலில் சொரியாசிஸ் இருக்கிறதா, முன்னால் இருந்ததா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா, நகம் எப்படி, விரல் முழுசாக வீங்கியதா, ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லையா, எக்ஸ்ரேயில் மூட்டோரம் புது எலும்பு முளைத்திருக்கிறதா என்று மார்க் போட்டு, மூன்று வந்தால் பாஸ். அதுவும்கூட ஆராய்ச்சிக்காக நோயாளிகளை வகைப்படுத்த வந்த பட்டியல். தனி ஆளுக்குத் தீர்ப்பு சொல்வது டாக்டரின் கையும் கண்ணும்தான்.

அதோடு, இந்த வியாதியைப் போல வேஷம் கட்ட நாலைந்து பேர் தயாராக இருக்கிறார்கள். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பது சகஜம். கால் கட்டைவிரல் வீங்கினால் அது நம் பழைய கௌட்டாகவும் இருக்கலாம். கேரட்டின் நூலுக்குப் பதிலாக, 1961-ல் இருந்து மூட்டு நீரைச் சொட்டு எடுத்துச் சிறப்பு மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஊசி ஊசியாக உப்பு தெரிகிறதா என்று சொல்லிவிடுகிறார்கள். வயதான பெண்களுக்கு விரல் நுனிக் கணுவில் முண்டு முண்டாக வருவது, பெரும்பாலும் வெறும் தேய்மானம். தலையில் பொடுகு, முழங்கையில் சாதாரணப் படை, அதோடு தேய்மான மூட்டுவலி என்றால் அவசரத்தில் சொரியாசிஸ் கணக்கில் சேர்ந்துவிடும். 2006-ல் தமிழ்நாட்டை ஆட்டிப் படைத்த சிக்குன்குனியாவை மறந்திருக்க மாட்டீர்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் மகோண்டே மொழியில் 'வளைத்துப் போடுவது' என்று அர்த்தம். காய்ச்சல் நாலு நாளில் போனாலும் சிலருக்கு மூட்டு வீக்கம் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூடத் தங்கி, முடக்குவாதம் மாதிரியே நடித்தது.

பெயர் எதுவானால் என்ன, வலிக்கு மாத்திரைதானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். மெத்தோட்ரெக்ஸேட் இரண்டு வியாதிக்கும் பொது என்பதால் இத்தனை நாள் வித்தியாசம் தெரியாமல் ஓடியிருக்கும். அடுத்த கட்ட மருந்துகள் அப்படியில்லை. சொரியாசிஸ் மூட்டுவாதத்துக்கு அருமையாக வேலை செய்யும் சில ஊசிகள் முடக்குவாதத்தில் எடுபடுவதில்லை. முடக்குவாதத்துக்கான சிலது இதில் எடுபடுவதில்லை. பணமும் ஆயிரக்கணக்கில். சில ஊசிகள், உடம்பில் உறங்கும் டி.பி.யை எழுப்பிவிடும் என்பதால் அதற்கு முன்னால் டி.பி. பரிசோதனை கட்டாயம். கௌட் என்றால் மொத்த வைத்தியமும் வேறு. வெறும் தேய்மானம் என்றால் வருஷக்கணக்கில் கல்லீரலைக் காவல் காத்துக்கொண்டு மாத்திரை சாப்பிடவே வேண்டியதில்லை.

ஆகவே, புது டாக்டர் சந்தேகப்பட்டது தப்பில்லை. அதே சமயம், அவர் சந்தேகப்பட்டதாலேயே பழைய டாக்டர் தப்பானவராகவும் ஆகிவிட மாட்டார். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாத்திரை நன்றாக வேலை செய்திருந்தால் வீக்கம் வடிந்திருக்கும், தோல் சுத்தமாகியிருக்கும், நகக் குழி மறைந்திருக்கும். இன்றைக்குப் புதிதாகப் பார்ப்பவருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது! திருடனைப் பிடித்த போலீஸே கால்தடத்தையும் கழுவிவிட்ட கதை. போதாததற்கு, நூறு பேரில் பதினைந்து பேருக்கு மூட்டு முதலில் வந்து, தோல் வருஷம் கழித்துத்தான் வரும். 'உங்களுக்குச் சொரியாசிஸே இல்லையே' என்று ஒரு நாள் பார்வையில் சொல்லிவிடவும் முடியாது.

அப்படியென்றால் சாட்சி எங்கே இருக்கிறது? வாத்தியார் வீட்டு பீரோவில். 14 வருஷத்துக்கு முந்தைய முதல் சீட்டில். அன்றைக்கு எந்த விரல் வீங்கியது, ஆர்.ஏ. ஃபேக்டர் என்ன, எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது என்பதில். மகள் கல்யாண ஆல்பத்தில் அவர் கையைக் கூப்பி நிற்கும் போட்டோவில்கூட.

திருநகருக்குப் பக்கத்தில் திருப்பரங்குன்றத்து மலைக்குகையில் தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. மதுரைக்கு இன்னொரு பக்கம் மாங்குளத்திலும் இருக்கிறது. மாங்குளத்துக் கல்வெட்டை 1882-ல் ராபர்ட் சூவல் கண்டார். என்ன மொழி என்பதே பிடிபடவில்லை. இந்த மாதிரிக் குகை எழுத்துகளெல்லாம் தமிழ்தான் என்று 1924-ல் கே.வி.சுப்பிரமணிய ஐயர் காட்டினார். 1965-ல் ஐராவதம் மகாதேவன் மறுபடி வாசித்து, மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரைக் கண்டெடுத்தார். சூவல் முட்டாள் என்று யாராவது சொல்கிறோமா? அவர் பார்த்து எழுதி வைத்ததால்தான் அடுத்தவர் வாசிக்க முடிந்தது. கல்லும் அங்கேயே இருந்தது, யாரும் உடைத்து ரோட்டுக்குப் போட்டுவிடவில்லை.

வாத்தியாரிடம் அதைத்தான் சொன்னேன். "சீட்டையெல்லாம் தேதி வாரியா அடுக்கிக்கிட்டுப் போங்க சார். எதைப் பார்த்து சந்தேகம் வந்ததுன்னு கேளுங்க. என்ன டெஸ்ட் எடுத்தா அது தீரும்னு கேளுங்க." பழைய டாக்டரின் போன் நம்பர் இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை பேசச் சொன்னேன். டாக்டருக்கு டாக்டர் பேசினால் பத்து நிமிஷத்தில் தெளியும் விஷயம், நோயாளி நடுவில் தூது போனால் பத்து மாசம் இழுக்கும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொன்னேன். சந்தேகம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போடக் கூடாது. பெயர் சரியாகவே இருந்து மருந்து நின்றால், அடங்கியிருந்த வியாதி திரும்பி வரும். அரித்துப்போன மூட்டு பிறகு எந்த மருந்துக்கும் பழையபடி வளராது. நிறுத்துவது, குறைப்பது எல்லாம் டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடக்க வேண்டிய காரியம். அதே மாதிரி, வாரம் ஒரு முறை என்று எழுதிய மெத்தோட்ரெக்ஸேட்டை மறந்துபோய் தினம் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. வீட்டில் இன்னொருவருக்கும் அந்தக் கிழமை தெரிந்திருக்கட்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மூட்டு வீங்கினால் தைலம் தேய்க்கும் முன்பு செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். விரல் தெரிய, நகம் தெரிய, நல்ல வெளிச்சத்தில். எந்த நாள் எடுத்தது என்பதைப் போனே குறித்துக்கொள்ளும். முதல் நாள் எழுதிய சீட்டை, மையெல்லாம் மங்கிப் போனாலும், பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.